வேட்டியும் வலது முழங்காலும்

தொண்ணூறுகளில் கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் இருந்தபோது, நாற்பத்தைந்து வயதில் கோல்ஃப் பழகினேன். மட்டையைப் பின்னால் தூக்கும்போது வலது முழங்கால் லேசாக மடிந்தபடி அசையாமல் நிற்க வேண்டும். காலையில் பாலிகஞ்ச் வீட்டு மொட்டை மாடியில் அது ஒழுங்காக நின்றது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் மட்டும் வெளிப்பக்கம் சாய்ந்துவிடும். பந்து மரங்களுக்குள் போய் விழும். கூட ஆடும் வங்காளி அதிகாரி, "ஹாட்டு, ஹாட்டு" என்று என் முழங்காலைக் காட்டிக்கொண்டே இருப்பார். எனக்குத் தெரியாதா? மூட்டு தேய்ந்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். டாக்டரிடம் போகத்தான் பயமாக இருந்தது.

ஒரு நாள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி, நான் மட்டை வீசுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்க மூட்டுக்கு ஒண்ணுமில்லை. இங்க வேட்டி இழுத்துப் பிடிக்கறது, கால் நகரலை. அங்க பேன்ட் போட்டுண்டு போறேளே, யார் பிடிப்பா?"

வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு வீசிப் பார்த்தேன். மைதானத்தில் போலவே முழங்கால் வெளியே ஓடியது. அத்தனை சந்தோஷமாக ஒரு வீச்சை நான் கெடுத்ததே இல்லை.