சாப்பிடும் முன்பே போட்ட ஐந்து நட்சத்திரம்

சென்ற மாதம் கணவருடன் கேரளத்தில் மட்டாஞ்சேரி போயிருந்தேன். நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று போனில் தேடி, ஜூ டவுன் என்கிற யூதர் தெருப் பக்கத்தில் நட்சத்திரம் அதிகம் வாங்கிய ஹோட்டலுக்கு மதியம் போனோம். உட்கார்ந்ததும் பரிமாறுபவர் ஓர் அட்டையை நீட்டினார்.

"சேச்சி, இதை ஸ்கேன் பண்ணி அஞ்சு ஸ்டார் போட்டா பாயசம் ஃப்ரீயாக்கும்."

நானும் பல்லைக் காட்டிக்கொண்டு, "மீன் குழம்பு பிரமாதம், நம்பிப் போகலாம்" என்று தமிழிலேயே எழுதிவிட்டேன். அப்போது எங்கள் மேசைக்குத் தண்ணீர்கூட வரவில்லை!

மீனில் ஒரு மாதிரி வாடை. நான் ஒதுக்கிவிட்டேன், "மசாலா வாசனைடி" என்று அவர் சாப்பிட்டார். விடிவதற்குள் வாந்தியும் பேதியும் அவரைச் சுருட்டிப் போட்டுவிட்டன. காலையில் கிளினிக்கில் அவருக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு சிறுமி துவண்டு கிடந்தாள். அவளுடைய அம்மா திருப்பூர்க்காரர். நாங்கள் சாப்பிட்ட அதே ஹோட்டலில்தான் முந்தின இரவு சாப்பிட்டதாகச் சொன்னார்.

"யாரோ ஒரு தமிழ்க்காரங்க நம்பிப் போகலாம்னு எழுதியிருந்தாங்க. அவங்க மட்டும் என் கையில கிடைக்கட்டும்ங்க!"

ஹோட்டல்காரன் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் என் மேலேயே திரும்பியது. ஒரு கிண்ணம் பாயசத்துக்காகப் பொய்ச்சாட்சி சொல்லியிருக்கிறேன்!

அங்கேயே அதை அழித்துவிட்டு, நடந்ததை எழுதினேன். இப்போதெல்லாம் புது ஊரில் கடைத்தெருவில் வேலை செய்பவர்களிடம், "நீங்க எங்கே சாப்பிடுவீங்க?" என்று கேட்டுத்தான் போகிறேன். நட்சத்திரம் போடுவது மறுநாள்தான்.

அந்தத் தாயிடம் மட்டும், எழுதியவள் நான்தான் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

– ஒரு வாசகி, விருதுநகர்