ஹேண்ட் ஓவர் ஆகாத சுவிட்ச்

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். ஊத்துக்கோட்டையில் தமிழ் மீடியத்தில் படித்தவன். இன்ஜினியர் வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான். அந்தப் பாழாய்ப்போன மொழியில் வினைச்சொல்லுக்கு ஒரு வால் முளைத்தால் குணமே மாறிவிடுகிறது. கிவ் என்றால் கொடு; கிவ் அப் என்றால் கைவிடு. இதில் என்ன நியாயம்?

என்னோடு சேர்ந்த யேசுதாஸுக்கும் இதே பேஜாருதான். செய்து பார்த்தால்தான் எங்களுக்கு ஒரு சொல் மனதில் பதியும். அதனால் ஷிஃப்ட் மாறும்போது கலவை டிரம்மின் சுவிட்சை இருவரும் பிடித்துக்கொள்வோம். அவன் 'ஹேண்ட் ஓவர்' என்பான், நான் 'டேக் ஓவர்' என்பேன். அப்புறம்தான் அவன் கையை எடுப்பான். பேக்கிங்கில் இருந்த பழனி தினமும் கிண்டல் செய்வான்: "இன்னாடா, பொண்ண தாரை வாத்துக் குடுக்கிறியா?"

ஒருநாள் மதிய ஷிஃப்டுக்குப் போனேன். டிரம் நின்றிருந்தது, யேசுதாஸைக் காணோம். இன்ஜினியர் அவசரமாக வந்து, "கேரி ஆன், கேரி ஆன்" என்றார். சாயங்காலம் லாரியில் சரக்கு ஏற்றியாக வேண்டும். கேரி ஆன் என்றால் தொடர்ந்து செய் என்று எனக்குத் தெரியும். ஆனால் கைக்கு வராததை எப்படித் தொடர்வது? பழக்கதோஷம், சுவிட்ச் மேல் கை போகவில்லை.

"சார், நோ ஹேண்ட் ஓவர்" என்றேன். அவர் முகம் சிவந்தது. நான் அப்போது டெம்பரரி. போ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் வேலை போச்சு. ஆனாலும் அசையாமல் நின்றேன்.

அப்போது டிரம்முக்குள்ளிருந்து டொக் டொக்கென்று சத்தம். ஆள் நுழையும் வாய் சுவர்ப் பக்கம் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. காய்ந்து ஒட்டிய பெயிண்டைச் சுரண்ட யாரிடமும் சொல்லாமல் உள்ளே இறங்கியிருக்கிறான் பாவி. இன்ஜினியர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முகமெல்லாம் பெயிண்டோடு வெளியே வந்த யேசுதாஸ் எங்களை மாறி மாறிப் பார்த்தான்.

"சுவிட்ச்சுல கை வச்சியாடா?"

"நீ குடுக்கல. நான் எப்டிடா வாங்குவேன்?"

மறுநாள் முதல் எல்லா மெஷினிலும் இப்படித்தான் ஷிஃப்ட் மாறியது. பழனியும் கிண்டலை விட்டுவிட்டு பேக்கிங் மெஷின் சுவிட்சைப் பிடித்து 'ஹேண்ட் ஓவர்' சொன்னான்.

இங்கிலீஷ் கற்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: அர்த்தத்தை உருப்போடாதீர்கள், செய்து பாருங்கள். ரிட்டயர் ஆகும்வரை, 'டேக் ஓவர்' என்று சொல்லுமுன் கொடுக்கிறவன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.