மூன்று டப்பா ஹாப்ஸ்

நெய்வேலியில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்த மறு வருஷம் நான் திரும்பவும் உண்டாகியிருந்தேன். முந்தின தடவை மூன்றாம் மாசத்தில் கலைந்துபோனது. கலைவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வாந்தி சட்டென்று நின்றது. விட்டது தொல்லை என்று அப்போது சந்தோஷப்பட்டிருந்தேன். அதனால் இந்தத் தடவை மசக்கை எவ்வளவு படுத்தினாலும் நான் சலித்துக்கொள்ளவில்லை. சோறு கொதிக்கிற வாடை ஆகாது. என் வீட்டுக்காரர் மைன்ஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றினால் தோட்டத்துப் பக்கம் ஓடுவேன்.

மார்கழி பிறந்ததும் வாந்தி நின்றுபோனது. மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. அவரிடம் நான் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் அப்படியே ஆகிவிடும் என்று ஒரு பயம்.

அந்த நாளில் நான் ஒரு இங்கிலீஷ்காரம்மாவுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் புருஷன் மெஷின் பூட்டுவதற்காக வந்த இன்ஜினீயர். நான் படித்த பள்ளிக்கூடத்து இங்கிலீஷும் அவள் பொறுக்கிவைத்திருந்த தமிழும் போதுமாக இருந்தது. ஜன்னல் திரையை எடுத்துக்கொண்டு போன அன்று அவள் வீடு முழுக்கக் காப்பிக்கொட்டை வறுத்த மாதிரி மணம். வறுத்தது காப்பிக்கொட்டை இல்லை, பார்லி. அதைக் காய்ச்சி, புளிக்கவைத்து, ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர் செய்யப்போகிறாள். இங்கே மார்கழிக் குளிரில்தான் அது ஒழுங்காகப் புளிக்குமாம்.

மதுவிலக்கு இருந்த காலம். வெள்ளைக்காரர்களுக்குக் குடிக்கப் பர்மிட் உண்டு. வீட்டிலேயே காய்ச்சலாமா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவள் மூக்கு சிவந்து வீங்கியிருந்தது. மேஜையில் மூன்று ஹார்லிக்ஸ் டப்பா வைத்திருந்தாள்.

"எனக்கு ஜலதோஷம். எந்த வாசனையும் தெரியவில்லை," என்றாள். "இது ஹாப்ஸ். பீருக்குக் கசப்பு கொடுக்கிற பூ. ஊரிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொரு சமயம் கொண்டுவந்தது. ஒட்டியிருந்த சீட்டைப் பூச்சி அரித்துவிட்டது. எது எது என்று தெரியவில்லை. மசக்கையில் உனக்குத்தான் இப்போது மூக்கு கூர்மையாச்சே, பார்த்துச் சொல்லேன்."

உள்ளே காய்ந்த பச்சைப் பூக்கள், இதழ் மேல் இதழாக. முதல் டப்பாவில் நாரத்தை இலையைக் கசக்கின மணம். இரண்டாவதில் மழையில் நனைந்த வைக்கோலும் டீத்தூளும் கலந்த மாதிரி. எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மூன்றாவதைத் திறந்தேன். இவர் ஷிஃப்ட் முடிந்து கழற்றிப் போடுகிற காலுறையை ஊறுகாய் போட்டுவைத்த மாதிரி ஒரு வீச்சம். டப்பாவை மேஜையில் வைக்கக்கூட முடியவில்லை. வராந்தாவுக்கு ஓடி, குரோட்டன்ஸ் தொட்டி ஓரமாகக் குனிந்து, குடல் வெளியே வருகிற மாதிரி எடுத்தேன்.

அவள் பின்னாலேயே வந்து என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். "மன்னித்துக்கொள், நான் கேட்டிருக்கவே கூடாது," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் நிமிர்ந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, சிரிப்பும் வருகிறது. அவள் பயந்துபோனாள்.

"வாந்தி இப்பத்தான் திரும்ப வந்துது மேடம், நாலு நாளா நின்னுபோயிருந்துது. போன தடவையும் இப்படித்தான் நின்னுது," என்றேன். முந்தின தடவை வாந்தி நின்ற பிறகுதான் கலைந்தது என்பதை அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் தன் கைக்குட்டையால் என் வாயைத் துடைத்துவிட்டாள்.

வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். கெட்டுப்போன டப்பாவை வேலைக்காரர் தோட்டத்தில் புதைத்தார். மிச்சம் இரண்டு. ஸ்டவுட்டுக்குப் பூவின் வாசனை தூக்கலாகத் தெரியக் கூடாது, அடியில் கசப்பு மட்டும் நின்றால் போதும் என்றாள். "காப்பியில போய் யாராவது நாரத்தை இலையப் போடுவாங்களா? வைக்கோல் வாசனைதான் சரி," என்றேன். அதையே போட்டாள்.

மத்தியானம் இவர் வந்ததும் சொன்னேன். ஷூவைக்கூடக் கழற்றாமல் கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "நாலு நாளா நீ வாந்தி எடுக்கலன்னு நானும் பாத்துகினுதான் இருந்தேன். கேக்கத்தான் தைரியம் வரல," என்றார்.

சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். வளர்த்தி சரியாக இருக்கிறது, மசக்கை இந்தச் சமயத்தில் தானாகவே குறையும், அதற்கெல்லாம் மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே என்றார். திரும்பி வரும்போது கம்பெனி பஸ்ஸில் இவர் என் கையை விடவே இல்லை. எதிர் சீட்டில் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை.

ஸ்டவுட் நன்றாக வந்தது என்று பொங்கலுக்கு அப்புறம் அந்த அம்மா சொன்னாள். ஒரு பாட்டில் மட்டும் ஸ்டோர் ரூமில் வெடித்துச் சுவரெல்லாம் கறுப்பாகிவிட்டதாம். நான் ருசி பார்க்கவில்லை. ஆனியில் பெண் பிறந்தது. பிறந்ததுமே வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகுதான் நான் அசந்து தூங்கினேன்.