லேசரால் காற்றை அளந்தவர்

அப்பாவை எரித்த மறுநாள் கலஹாவிலிருந்து பேராதனைக்கு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் நரைத்த தாடியோடு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். விமானத்திலிருந்து தரைக்கு லேசர் ஒளி அனுப்பி, திரும்பி வருவதில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை, எதை எரித்தாலும் வரும் அந்தக் கரியமில வாயுவை, அளப்பதுதான் வெளிநாட்டில் அவர் வேலையாம்.

"நேத்து எங்கப்பாவ எரிச்சோம். அந்தப் புகையும் உங்க கருவியில தெரியுமாங்க?" என்று கேட்டேன்.

துடைப்பதை நிறுத்தினார்.

"இல்லை தங்கச்சி. ஒரு ஆளின்ர அளவு அதில பிடிபடாது." பிறகு மெதுவாகச் சொன்னார். "அம்மா செத்த நேரம் நானும் கணக்குப் போட்டுப் பாத்தனான்."

எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. அந்த வாரம் எத்தனையோ பேர் ஆறுதல் சொன்னார்கள். ஞாபகம் இருப்பது, பெயர்கூடக் கேட்காத அவர் சொன்னது மட்டும்தான்.