கீழ் வரிசை ஓட்டைகள்

அண்ணனின் சிலந்தி செத்ததற்கான காரணங்களை ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்திருக்கிறேன். இடப்பக்கம் புகை. வலப்பக்கம் நான். இடப்பக்கத்தில் ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை.

அண்ணன் நியாலாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் வெட்டிய குலை நினைத்த பக்கம் விழாமல் அவர் இடுப்பில் விழுந்தது. அதன் பிறகு அவரும் அம்மாவும் குருபோங்கில் நான் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்கு வந்தார்கள். நான் அங்கே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் டெக்னீஷியன். தூசி புகாத ஒரு அறையின் வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் மணிக்கொரு முறை பார்த்துக் குறிப்பது என் வேலை. அண்ணன் நாள் முழுக்கக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சாப்பாட்டைக்கூட அம்மா கட்டிலுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

தோட்டத்துக் கூட்டாளி ஒருவர் அவரைப் பார்க்க வந்தபோது பிஸ்கட் டின்னில் ஒரு சிலந்தியைக் கொண்டுவந்தார். செம்மண் மேட்டில் வளை தோண்டி வாழும் கறுப்புச் சிலந்தி. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் மயிர்.

"சும்மா படுத்துக் கெடக்குற, தொணைக்கு ஒரு ஆளு வேணாமா? பொம்பளப் புள்ளதான், பாத்துக்க" என்றார்.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். மறுநாள் அரிசி போட்டு வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை அம்மாவிடம் கேட்டு வாங்கினார். அடுப்பில் ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டார். ஒரு பக்கம் மண்ணுக்குச் சற்று மேலே ஒரு வரிசை, எதிர்ப்பக்கம் மூடிக்குக் கீழே ஒரு வரிசை. தாழ்வில் நுழையும் காற்று உயரத்தில் வெளியேறும். என் ஃபேக்டரியில் இதையே மோட்டார் வைத்துச் செய்கிறார்கள். அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"கட்டிக்கிற வயசுல எட்டுக்கால் பூச்சிக்கு வீடு கட்டுறான் பாரு" என்றார் அம்மா.

"அதுக்காச்சும் கட்டுறேன்லா. விடும்மா."

தண்ணீரை அவர் தெளிக்க மாட்டார். ஒரு மூலையில் மட்டும் ஊற்றுவார். மேல்மண் காய்ந்திருக்க வேண்டும், அடிமண் ஈரமாக இருக்க வேண்டும். அதைப் பார்க்க சாத்தே இறைச்சி குத்திச் சுடும் மூங்கில் குச்சியை மண்ணில் செருகி எடுத்து, எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறது என்று விரலால் அளப்பார். நான் பட்டணத்தில் ஈரப்பதம் காட்டும் சின்ன டயல் ஒன்று வாங்கி வந்து பெட்டிக்குள் ஒட்டினேன். "இன்ஸ்பெக்டரம்மா வந்துட்டாங்க" என்று சிரித்தாரே தவிர, குச்சியை விடவில்லை. எனக்கு டயல்தான் சரியென்று பட்டது. அதில் எண் இருந்தது.

தொண்ணூற்றேழில் அவருக்கு இடுப்பில் அறுவை செய்தார்கள். தினமும் நடந்து பழகினால்தான் கால் மறுபடி சொன்னபடி கேட்கும், படுத்தே கிடந்தால் கிடந்ததுதான் என்று டாக்டர் எங்கள் எதிரிலேயே சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். மூலையில் தண்ணீர், மூன்று நாளைக்கு ஒரு முறை. கரப்பான், வாரத்துக்கு ஒன்று. தின்னாமல் விட்டால் எடுத்துவிட வேண்டும். கையை உள்ளே விடக்கூடாது. ஓட்டைகளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அவற்றைப் போய் யாராவது அடைப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

அறுவைக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் நடக்கப் பழக்கும் மலாய் அக்கா மாலையில் வந்து, "அபாங், ஜோம், ஜாலான்", அண்ணே வாங்க நடக்கலாம் என்று சொல்லி, பிடித்து நடக்கும் இரும்புச் சட்டத்தை முன்னால் வைப்பார். அண்ணன் என்னைப் பார்ப்பார்.

"ரிப்போர்ட்டு எங்க?"

"மொதல்ல நடங்கண்ணே. சன்னல் வரைக்கும் போயிட்டு வாங்க, படிக்கிறேன்."

"பாத்தீங்களாக்கா? கைதிக்குக்கூட இப்படிக் கெடையாது." அந்த அக்காவுக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் சிரிப்பார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சன்னல் வரை போய்த் திரும்பி உட்கார்ந்த பிறகு, நான் தாளைப் பிரித்துப் படிப்பேன். வெப்பம், ஈரம், தின்றதா, வெளியே வந்ததா. அந்த நான்கு விவரங்களுக்காக அவர் நடந்தார்.

அப்போதுதான் கடலுக்கு அப்பால் காடு எரிந்து வந்த புகைமூட்டம் கெட்டியானது. காலையில் எதிர்வீடு தெரியவில்லை. சன்னல்களைச் சாத்தி வையுங்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். அம்மா பழைய சரோங் துணிகளை நனைத்து இடுக்குகளில் செருகினார். எல்லா வீட்டிலும் இதைத்தான் செய்தார்கள். எனக்கு இரவெல்லாம் தொண்டை கரித்தது. கூடத்தில் பெட்டியின் ஓட்டைகள் திறந்தபடி இருந்தன.

கீழ் வரிசையை டேப்பால் ஒட்டினேன். மேல் வரிசைமேல் கைக்குட்டையை நனைத்துப் போட்டேன். காலையும் மாலையும் மறுபடி நனைத்தேன். டயல் முள் தொண்ணூறைத் தாண்டியது. அதை நல்ல செய்தியாக நினைத்து அண்ணனிடம் படித்தேன். ஒட்டியதைச் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை, நான்கு விவரங்களில் அது வராது.

பெட்டியின் உள்சுவரில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தது. ஃபேக்டரியில் ஒரு கண்ணாடியில் இப்படிக் கோத்தால் உற்பத்தி வரிசையை நிறுத்திவிட்டு ஓடுவோம். வீட்டில் அதைப் பார்த்து, உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் மண்மேல் பஞ்சுபோல வெள்ளைப் பூஞ்சை. ஆறாம் நாள் மூடியைத் திறந்ததும் ஊறிய சாக்கு நாற்றம். சிலந்தி வளைக்கு வெளியே, கால்கள் எட்டையும் அடியில் மடக்கிக்கொண்டு கிடந்தது. டேப்பைப் பிய்த்தேன், அட்டையால் விசிறினேன். சாத்தே குச்சியால் தொட்டபோது அசையவில்லை. அதையே மண்ணில் செருகி எடுத்தேன், நுனி முதல் பிடி வரை நனைந்திருந்தது.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் முந்தைய நாளின் எண்களையே படித்தேன். தின்றதா என்ற இடத்தில் இல்லை என்றேன். மறுநாள் எண்களை நானே எழுதிக்கொண்டு போனேன். வேலையில் ஒரு தடவைகூட நான் செய்யாத காரியம் அது. அண்ணன் சன்னல் வரை நடந்து, திரும்பி, அந்தப் பொய்யைக் கேட்டுத் தலையாட்டினார்.

மூன்றாம் நாள் அவர் முகம் தெளிவாக இருந்தது.

"திங்கல, வெளிய வரல. ஏய், அது தோல் உரிக்கப் போகுது! மல்லாக்கப் படுக்கும், பயந்துடாத. செத்துடுச்சின்னு தூக்கிப் போட்டுடாதம்மா. நான் வர்றதுக்குள்ள புதுசா நிக்கும்."

தாள் என் கையில் மடித்தபடி இருந்தது.

"மல்லாக்க இல்லண்ணே. கால உள்ள மடக்கிக்கிட்டு கெடந்துச்சு. முந்தாநாளு."

அவருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"மண்ணு ஊறிப்போச்சா?"

"பொகை வருதுன்னு ஓட்டைய அடைச்சேன். நம்ம சன்னலுக்குப் பண்ண மாதிரி."

"கீழயுமா?"

"ரெண்டும்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ விடாமல் இருமிக்கொண்டிருந்தார். அந்த வாரம் வார்டு முழுக்க இருமல்.

"எங்க பொதைச்ச?"

"பின்னால, கால்வா ஓரமா."

"அங்க தண்ணி நிக்கும்லா. வேற எடமே கெடைக்கலியா ஒனக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மலாய் அக்கா வந்து சட்டத்தை வைத்து, "அபாங், ஜோம்" என்றார். அண்ணன் அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்து, நாளைக்கு என்றார். பிறகு இரண்டு கையாலும் மெத்தையைப் பிடித்து, மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பினார். நான் உதவப் போனேன். வேண்டாம் என்று தோளை அசைத்தார்.

மறுநாள் நான் போனபோது சட்டம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. நடந்தாரா என்று கேட்டேன். அந்த அக்கா இல்லையென்று கை விரித்தார். அதற்கு அடுத்த நாளும் அதையே கேட்டேன். நான்காம் நாள் நான் கேட்கும் முன்பே, என்னைப் பார்த்ததும் அந்த அக்கா இல்லையென்று தலையசைத்துவிட்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, பார்வை நேரம் முடியும் மணி அடிக்கும்வரை அண்ணனின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.