ஊருணியை மூடிவிட்டு மழை கேட்டவர்கள்

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் இதைப் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன். இதில் புகழ்ச்சி குறைவு. என்னைப் பற்றிய இகழ்ச்சி அதிகம்.

அக்கா காரியாபட்டியில் பிறந்தார். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் இளவயதிலேயே காலமாகிவிட, ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து ஒரே மகளை ஆளாக்கினார். பணி ஓய்வுக்குப் பின் நானும் அந்த ஊரிலேயே குடியேறினேன். தலைமையாசிரியராக இருந்தவன் என்பதால் என்னைச் சபைக் கமிட்டிச் செயலாளர் ஆக்கினார்கள். படிப்பையும் புத்தியையும் ஒன்றென நினைத்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆலயத்தை ஒட்டிச் சபைக்குச் சொந்தமான ஊருணி ஒன்று இருந்தது. பட்டாசுக் கம்பெனி வேனைவிட்டு இறங்கும் தெற்குத் தெருப் பெண்கள் அங்கேதான் குடம் நிரப்புவார்கள். அதை மூடி மண்டபம் கட்டக் கமிட்டி யோசித்தது. சபைக் கூட்டத்தில் அக்கா எழுந்தார்.

"வருசா வருசம் வெயில் ஏறுது, மழை தப்புது. உலகமே சூடாகுதுன்னு பேப்பர்ல போடுதான். இருக்க தண்ணியவும் மூடுவீகளா? காக்கச் சொல்லித்தான பூமிய நம்ம கையில குடுத்தாரு?"

போதகர் புன்னகைத்தார். "அதெல்லாம் கடைசிக் காலத்து அடையாளம்மா. நாம ஆயத்தமா இருந்தாப் போதும்."

"கடைசிக் காலம்னா மண்டபம் எதுக்கு ஐயா? யாருக்குக் கல்யாணம் வச்சிருக்கீக?"

கூட்டம் சிரித்தது. எனக்கு மானம் போனதுபோல் இருந்தது. "உக்காருக்கா, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அதட்டினேன். தீர்மானத்துக்கு முதலில் கை தூக்கியவனும் நான்தான். பிறகு லாரி லாரியாக மண் வந்து இறங்கியது.

அடுத்த ஆண்டு கோடை மழை பொய்த்தது. ஊருணி இருந்த இடத்தில் எழுந்த மண்டபத்தில், வெளியே ஜெனரேட்டர் புகை கக்க, உள்ளே மின்விசிறிகளின் கீழ் அமர்ந்து மழைக்காக உபவாச ஜெபம் செய்தோம். மழையை வாங்கி வைக்கும் பாத்திரத்தை உடைத்துவிட்டு, அதன் மேலேயே முழங்காலிட்டுக் கையேந்தும் மடமை எங்களைப் போன்ற பக்திமான்களுக்கே வாய்க்கும்.

ஐப்பசியில் மழை கொட்டியது. தேங்க இடமில்லாத வெள்ளம் தெற்குத் தெருவுக்குள் புகுந்து மண்சுவர்களைச் சாய்த்தது. அந்த ஞாயிறு நாங்கள் ஸ்தோத்திர ஆராதனை நடத்திச் சரவெடி கொளுத்தினோம். "கர்த்தர் ஜெபத்தைக் கேட்டார்" என்று மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னேன். அக்கா ஆராதனைக்கு வரவில்லை. தெற்குத் தெருவில் கஞ்சி காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தார். அதைக்கூட ஆராதனையைப் புறக்கணித்த குற்றமாகக் கமிட்டியில் பேசினார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டிருந்தேன்.

அக்கா படுக்கையில் விழுந்தபின்தான் எனக்கு வாய் திறந்தது.

"அக்கா, என்னைய மன்னிச்சிரு."

"எங்கிட்ட எதுக்குலே கேக்க? எஞ்சுவரா இடிஞ்சுது? அங்கன போயிக் கேளு."

"போனா என்ன சொல்லுவாகளோ..."

"சொல்லட்டும். சாட்சி சொல்லத் தெரியுதுல்ல, வசவு வாங்கத் தெரியாதோ?"

அந்த வாரமே அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அக்காவைக் கடைசிவரை குளிப்பாட்டி, துணி துவைத்து, தலை வாரிவிட்ட தெற்குத் தெருப் பெண்களுக்கு எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. வைத்தியம் பார்த்தவர்களுக்கும், தூரத்திலிருந்து வந்து மண்ணிட்டவர்களுக்கும் நன்றி. மலர்வளையம் அனுப்பிய கமிட்டியார், அக்கா பெயரை மண்டபத்தில் கல்லில் பொறிக்க விரும்பினார்கள். அந்த மண்டபத்தில்! முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அக்கா போகச் சொன்ன இடத்துக்கு ஓராண்டாகியும் நான் போகவில்லை. அந்தப் பெண்கள் திட்டுவார்கள் என்பதல்ல என் பயம். "வாங்க சார், உக்காருங்க, சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிடுவார்கள், அதற்குத்தான் பயம்.

இன்று ஆராதனை முடிந்ததும் போகிறேன். அன்று என்னோடு கை தூக்கியவர்களில் பலர் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பீர்கள். கூட வாருங்கள்.