லேசான லேப்டாப்பும் சங்கீதாவின் தோள்பட்டையும்

லேசாகவும் இருக்க வேண்டும், வேகமாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டு வருகிறவரிடம், இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்று மனம் நோகாமல் சொல்வதுதான் லேப்டாப் விற்கிற தொழில். வில்லியனூரில் கடை போட்ட நாளிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டவர் முகம் சுருங்குவதும், வேறு கடையில் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று படியிறங்குவதும் இந்த வியாபாரத்தில் இருக்கிற உங்களுக்குப் புதிதில்லை. நாம் எல்லாரும் படுகிற பாடு ஒன்றுதான்.

கையால் எடை பார்த்தவர்

சோரியாங்குப்பத்திலிருந்து ஒரு கரும்பு விவசாயி வந்தார். மகனுக்கு ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை கிடைத்திருந்தது. கணக்கு போடுகிற வேலைதானே, லேசானதே போதும் என்று ஒன்றை எடுத்து வைத்தேன். அவர் பக்கத்தில் இருந்த தடித்த லேப்டாப்பையும் கேட்டு வாங்கி, வலது கையில் ஒன்று இடது கையில் ஒன்றாக ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கடையில் இருந்த மற்றவர்கள் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்திருப்பார்கள்.

தடித்ததில் படம் வரைவதற்கென்று தனியாகக் கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது, அது சூடாகாமல் இருக்கப் பெரிய ஃபேன் இருக்கிறது, அதனால்தான் அந்த எடை, உங்கள் பையனுக்கு அது தண்டச் செலவு என்று பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் லேசானதைத்தான் வாங்கினார், ஆனால் மனசில்லாமல் வாங்கினார். போகும்போது பெட்டியை ஒரு தடவை குலுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அவ்ளோ பணம் குடுக்கறேன், கையில ஒன்னுமே தெரியலியே சார்!"

கடைக்குள் ஒரு வழக்கு

சங்கீதாவை அப்படிச் சிரித்து அனுப்ப முடியவில்லை. பண்டசோழநல்லூர்க்காரி. திருபுவனையில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் டிசைனர். டப்பா, மூடி வார்க்கிற மோல்டுகளைக் கம்ப்யூட்டரில் வரைகிறவள். கணவர் வேல்முருகன் நெல் பயிரிடுகிறவர். சில மாதங்களுக்கு முன் அவர் பைக் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து போனபோது மாடு குறுக்கே வந்திருக்கிறது. அவருக்குச் சிராய்ப்பு. அவளுக்கு வலது தோள்பட்டை நொறுங்கி, உள்ளே பிளேட் வைத்திருந்தார்கள்.

தொழிற்சாலையில் ஒரு ஏற்பாடு சொல்லியிருந்தார்கள். சொந்தமாக லேப்டாப் வாங்கிக்கொண்டால் வீட்டிலிருந்தே வரையலாம். ஆனால் வாரத்தில் ஓரிரு நாள் அதை எடுத்துக்கொண்டு வந்து, மோல்டு வெட்டுகிறவர்களுக்கு மெஷின் பக்கத்தில் நின்று படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் டிசைன் வேலையை விட்டுவிட்டு ஸ்டோர்ஸில் உட்காரலாம். அங்கே வருகிற சரக்கையும் போகிற சரக்கையும் பதிந்துகொண்டிருந்தால் போதும்.

"லேசா இருக்கறதக் குடுங்க சார். ஒத்தக் கையால தூக்கறா மாதிரி" என்றார் வேல்முருகன்.

"அதுல என் படம் ஓடாதுங்க."

"ஓடலன்னா ஸ்டோர்ஸ்ல ஒக்காரு. அங்க மட்டும் சம்பளம் குடுக்க மாட்டாங்களா இன்னா?"

அவர் அதட்டிச் சொல்லவில்லை, கெஞ்சிச் சொன்னார். கீழே விழுந்த நாளை அவரால் மறக்க முடியவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. இந்தத் தொழிலுக்கு லேசானது தாங்காதுங்க என்று நானும் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. சங்கீதா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினாள்:

"தோளுதான் சார் ஒடிஞ்சிது, வரையறதுக்கு இன்னா கேடு வந்துச்சாம்?"

மெஷின் பக்கத்தில்

லேசானதைத்தான் வாங்கிப் போனார்கள். வீட்டில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியவள் அவள், நான் என்ன சொல்ல? ஆனால் கொஞ்ச நாளிலேயே தனியாக வந்து பெட்டியை மேஜைமேல் வைத்தாள். சின்னச் சின்ன படம் திறந்திருக்கிறது. முழு மோல்டையும் திறந்தால், சுற்றுகிற வட்டம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. அடியில் கை வைக்க முடியாத சூடு.

தொழிற்சாலையில் போய்க் காட்டிய அன்று, மெஷினை நிறுத்திவிட்டு எல்லாரும் அவளைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். படம் பாதி திரும்பி அப்படியே நின்றுவிட்டது. யாரும் கேலி செய்யவில்லை. ஒருவர் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனாராம். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

விற்ற பொருளைத் திரும்ப எடுக்கிற பழக்கம் என் கடையில் கிடையாது. எடுத்துக்கொண்டேன். தடித்ததைக் கொடுத்தேன், அதன் சார்ஜர் ஒரு செங்கல் கனம். அவள் இடது கையால் தூக்கிப் பார்த்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்கு அவள்மேல் மதிப்பும் வந்தது, பயமும் வந்தது. அவசரம் வேண்டாம், யோசித்துச் சொல்லம்மா என்றேன். அப்போதுதான், படம் பாதியில் நின்ற அன்று சூப்பர்வைசர் அவளிடம் அன்பாகச் சொன்ன வார்த்தையை எனக்குச் சொன்னாள்:

"நீ பேசாம ஸ்டோர்ஸுக்கே போயிடும்மா, ஒடம்புக்கும் நல்லதுதான?"

மடியில் போன பை

நம் பக்கத்து பஸ் உங்களுக்குத் தெரியும். நிற்கிறவர் பையை உட்கார்ந்திருக்கிறவர் கேட்காமலே வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். அவர் இறங்கும்போது அடுத்து உட்காருகிறவர் மடிக்குப் பை மாறும். யார் பை என்று யாரும் கேட்பதில்லை. சங்கீதா அதை நம்பித்தான் அந்தக் கனத்தை வாங்கினாள். காலை நெரிசலில் ஏறியதும் பையை நீட்டுவாள், யாராவது வாங்கிக்கொள்வார்கள், திருபுவனையில் இறங்கும்போது கைமாறி முன்னால் வந்துவிடும். தூக்குவது பஸ் நிறுத்தத்திலிருந்து கேட் வரைக்கும்தான். படமும் நிற்காமல் சுற்றியது. மோல்டு வெட்டுகிறவர்கள் பழையபடி அவளிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தச் செய்தியைச் சொல்ல எனக்கு போன் செய்தாள், குரலில் அவ்வளவு சந்தோஷம்.

ஒரு நாள் பை, சந்தைக்குப் போகிற ஒரு அம்மா மடிக்குப் போனது. டிரைவர் பிரேக் போட்டுப் போட்டு ஓட்டியிருக்கிறார். பை நழுவிவிடக்கூடாதே என்று அந்த அம்மா பாதுகாப்பாக ஒரு காரியம் செய்தார். இறங்கும்போது அதைச் சங்கீதாவிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார்:

"ஒம் பை ஆடவே இல்ல கண்ணு, மேல என் பூசணிக்கா மூட்டைய வச்சி அமுக்கிக்கினேன்!"

வேல்முருகன் வந்த நாள்

உடைந்த லேப்டாப்பைக் கொண்டுவந்தது வேல்முருகன். அவரைப் பார்த்ததும், லேசானதையே திரும்பக் கொடு என்பார், அவளை ஸ்டோர்ஸில் உட்கார வைத்துவிடுவார் என்று முடிவே கட்டிவிட்டேன். சண்டை வருவதற்கு முன்னால் நானே முந்திக்கொண்டு திறந்து பார்த்து, "ஸ்கிரீன் மட்டும்தான் போயிருக்கு, உள்ள ஒன்னும் ஆவல" என்றேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பாதி ஸ்கிரீன் கருப்பாயிடுச்சி சார். மீதி பாதியில படத்த இப்படி நவுத்தி அப்படி நவுத்தி வரைஞ்சினு இருக்கா. சாப்புடக் கூப்ட்டா வரல. ஒடஞ்சிடுச்சின்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. பக்கத்துல போய் நின்னேன், அப்பவும் நிமிந்து பாக்கல."

சொல்லிவிட்டு மடியில் இருந்த ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"அந்த வண்டிய தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தேன் சார், ஆக்சிடன்ட் ஆனதுலேர்ந்து தொடல. இன்னிக்குத்தான் எடுத்தேன். வர்ற வழியில மாட்டப் பாத்தா வண்டிய நிறுத்தி, அது போனப்பறந்தான் கெளம்பி வந்தேன்."

புது ஸ்கிரீன் வர ஒரு வாரம் ஆகும் என்றேன். அதுவரைக்கும் கடையில் இருந்த இன்னொரு தடித்த லேப்டாப்பைக் கொடுத்து, இதை எப்படிக் கொண்டுபோவாள் என்று கேட்டேன். பையின் வாரை மார்புக்குக் குறுக்கே போட்டு இறுக்கிக்கொண்டே பதில் சொன்னார்:

"அவள வண்டில ஏத்தற தைரியம் இன்னும் வரல சார், அவ பஸ்லயே போவட்டும். நான் இத வண்டில எடுத்துனு பஸ் பின்னாடியே போறேன்."

எடை, வேகம், பேட்டரி எல்லாவற்றையும் பெட்டிமேல் அச்சடிக்கிற கம்பெனிக்காரர்கள் யார் தூக்குவது என்பதை மட்டும் போடாமல் விட்டுவிடுவதால், அது ஒரு வீட்டில் முடிவாகிற வரைக்கும் நம் மாதிரிக் கடைக்காரர்கள் விற்றதையே திரும்பத் திரும்ப விற்றுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.